கப்பலுக்குள் போகும் ரயில்

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் ஓடும் பேருந்துகள் எதுவும் பாரிசுக்குப் போவதில்லை. ஆனாலும் அந்த ஜூலை மாதம் முழுவதும், பால்கனிக்குக் கீழே ஒரு பேருந்து உறுமிக்கொண்டு போனால் போதும், ஜெனனி கண்களை மூடிக்கொள்வாள். உடனே அது ரயிலாகிவிடும். ரோமைத் தாண்டும். மிலானோவைத் தாண்டும். பனிமலைகளின் அடியில் நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வரும்போது சூரிச் வந்திருக்கும். அங்கே மாமா நிற்பார். இன்னும் கொஞ்சம் போனால் பாரிஸ். அங்கே பெரியம்மா.

"ஜெனனி, நிண்டுகொண்டே நித்திரை கொள்ளுறியோ? கால் சுடேல்லையே?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பார்.

அப்போதுதான் பால்கனித் தரை கொதிப்பது அவளுக்குத் தெரியும். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சிவானுஜா சித்திதான். அம்மாவின் தங்கை. அவர் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். எந்தெந்த நாட்டிலிருந்தோ பயணம் வருகிறவர்களுக்குக் கட்டில் விரித்துக் கொடுப்பார். ஆனால் அவர் மட்டும் எங்குமே போனதில்லை. இந்த வருடம்தான் முதல் முறையாக நீண்ட விடுமுறை கிடைத்தது. உடனே ஒரு ரயில் பாஸ் எடுத்துவிட்டார்.

"இது ஒண்டு இருந்தாப் போதும். ஐரோப்பா முழுக்க ரயிலிலை சுத்தலாம்," என்று போனைத் தூக்கிக் காட்டினார். "ஒரு பெரிய ஆளோடை ரெண்டு சின்னப் பிள்ளையள் சும்மா வரலாம். ஜெனனி, அனுசன், வாறியளோ?"

பத்து வயது ஜெனனி வீடு அதிரக் குதித்தாள். ஆறு வயதுத் தம்பி அனுசனும் குதித்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலையில் விடுமுறை இல்லை. "நீங்கள் பாத்திட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கோ," என்றார் அப்பா.

சித்தி மட்டும் குதிக்கவில்லை. போனில் இருந்த பெரியம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் அக்காவை நேரில் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

இரவுச் சாப்பாட்டின்போது பயணத்தின் மிக அழகான செய்தியைச் சித்தி சொன்னார்.

"சிசிலியிலையிருந்து மற்ற இத்தாலிக்குப் பாலம் இல்லை, தெரியும்தானே? மெசினாத் துறைமுகத்திலை ரயில் அப்பிடியே கப்பலுக்குள்ளை போகும்."

"முழு ரயிலுமோ?" என்று அனுசன் கேட்டான்.

"ஓம். துண்டு துண்டாக் கழட்டி உள்ளை தள்ளுவினம்."

ஜெனனிக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. கப்பலின் வயிற்றில் ஒரு ரயில்! ரயிலின் வயிற்றில் அவள்! அந்த மகிழ்ச்சியில், அனுசனும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் ஆபிரிக்காவின் பக்கமிருந்து சிரோக்கோக் காற்று வீசியது. ஊர் முழுவதும் மெல்லிய மஞ்சள் புழுதி. எதிர் வீடுகளும் தூரத்து மலையும் கனவில் வருவதுபோல மங்கித் தெரிந்தன.

அன்றைக்குத்தான் சித்தியின் போனைக் காணவில்லை.

கட்டிலுக்குக் கீழே தேடினார்கள். மெத்தையைத் தூக்கித் தேடினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள்கூட அம்மா எட்டிப் பார்த்தார். அம்மாவின் போனிலிருந்து அழைத்தபோது மணி போனது. ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"வேலைக்குப் போகேக்கை சத்தத்தை நிப்பாட்டினனான். திரும்பப் போடேல்லை," என்றார் சித்தி. "பஸ்ஸுக்குள்ளை விட்டிட்டனோ தெரியேல்லை. மூண்டு பேற்றை பாஸும் அதுக்குள்ளைதான் இருக்கு. அக்கா ஸ்டேஷனுக்கு வந்து நிப்பா…"

"முதல்லை எல்லாரும் சாப்பிடுங்கோ. பிறகு யோசிப்பம். சோறு வைக்கிறன்," என்று அம்மா எழுந்தார்.

"சோறு வேண்டாம்!" என்று அனுசன் கத்தினான். "புட்டுச் சாப்பிடுவம்!"

அம்மா அப்படியே நின்றுவிட்டார். புட்டு என்றாலே மேசைக்குக் கீழே ஒளிகிற பிள்ளை அவன். "இவனுக்குக் காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜெனனி தம்பியைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

வாசலில் பயணப் பைகள் தயாராக இருந்தன. அவற்றுக்குள்ளும் பார்த்துவிடலாம் என்று அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சித்தியின் பையில் உடுப்புகள். அவளுடைய பையில் உடுப்புகளும் ஒரு வரைபடமும். அனுசனின் டைனோசர் பையில் ஒரு சட்டைகூட இல்லை. நீச்சல் கண்ணாடி, கையில் மாட்டும் இரண்டு காற்றுப் பைகள், ஒரு துவாய். அவ்வளவுதான்.

ஜெனனி பையை மூடினாள். தம்பியின் கையைப் பிடித்துப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அனுசன், நாங்கள் கடலிலை குளிக்கப் போகேல்லை. ரயிலிலைதானே போறம்?"

"ரயில்தானே கடலுக்குள்ளை போகுது," என்றான் அவன்.

"கப்பலுக்குள்ளை."

"கப்பல் எங்கை நிக்குது? கடலுக்குள்ளைதானே! ரயில் எவ்வளவு பாரம். ஏறினவுடனை கப்பல் தாழும். எல்லாம் நனையும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "போனும் நனையும். அம்மான்ரை போன் வாளித் தண்ணிக்குள்ளை விழேக்கை, சித்தி அரிசிக்குள்ளை வைச்சுத்தானே சரியாக்கினவா. அதுதான் நான் முதல்லையே வைச்சிட்டன்."

"அரிசி வாளிக்குள்ளையோ?"

"ஓம். அடியிலை. நல்ல அடியிலை."

ஜெனனிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. "அப்ப நாங்கள் நனைஞ்சா?" என்று கேட்டாள்.

"அவ்வளவு பெரிய வாளி எங்களிட்டை இல்லையே," என்றான் அனுசன். அவனுடைய கண்கள் நிறைந்துவிட்டன.

வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. இத்தனை நாளும் அவள் கண்ணை மூடினால் மலையும் சுரங்கமும் வந்தன. இவன் கண்ணை மூடினால் தண்ணீர் வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை.

அவள் அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சித்தி, போன் கிடைச்சிட்டுது. ஆனா ஒருத்தரும் ஒருத்தரையும் ஏசிப் பேசக்கூடாது. பேசமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"பேசமாட்டன்! எங்கை எண்டு சொல்லு!"

"அம்மா, நீங்களும்."

"சரி, சரி, நானும்."

"அரிசி வாளிக்குள்ளை. அது நனையக்கூடாது எண்டு அனுசன் கவனமா வைச்சவன்."

அம்மா பேசுவதற்கு வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, மூடிக்கொண்டார். சித்தி அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டார். போன் வெளியே வந்தது. மின்னேற்றும் துளையில் ஒரு அரிசி மாட்டியிருந்தது. அதைத் தலைமுடி ஊசியால் எடுக்கும்போதே சித்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நடந்ததை எல்லாம் கேட்ட பிறகு அம்மா சொன்னார்: "பயந்த பிள்ளையை அனுப்பேலாது. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. அனுசன் என்னோடை வேலைக்கு வரட்டும்."

"ஓம், நான் வரேல்லை," என்றான் அனுசன் உடனே.

அப்படியென்றால் யன்னலோரம் முழுவதும் ஜெனனிக்குத்தான். சண்டை இல்லை. ஆனால் அம்மா வேலை செய்யும் வீட்டின் சமையலறை அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு மர நாற்காலி இருக்கிறது. அதில் ஏறினால் காலைக்கூட ஆட்டக்கூடாது. அந்த வீட்டு எசமானியான சிஞ்ஞோராவுக்குச் சத்தம் பிடிக்காது. அந்த நாற்காலியில் அனுசன் நாள் முழுவதும் இருப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு யன்னலோரத்தை இனிக்கவிடவில்லை.

"சித்தி, எங்கடை துறைமுகத்துக்கும் பெரிய கப்பல் வாறதுதானே? அதுக்குள்ளை என்ன போகும்?"

"கார் போகும். லொறி போகும்."

"லொறியும் பாரம்தானே?"

சித்தி அவளைப் பார்த்தார். மெதுவாகப் புன்னகை செய்தார்.

அம்மா பின்னேரம் வேலைக்குப் போனார். அவரைக் கூட்டிவரப் பொலிதேயாமாச் சதுக்கத்துக்குப் போகும்போது மூவரும் கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டார்கள். கடைகளைத் தாண்டி, துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் நடந்தார்கள். புழுதி மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கப்பல் வானத்தில் நிற்பதுபோல நின்றது. அதன் பின்பக்கம் பெரிய வாயாகத் திறந்திருந்தது.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து லொறிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அனுசன் எண்ணத் தொடங்கி, எண்கள் முடிந்துபோய்த் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினான்.

"எல்லாம் உள்ளையோ இருந்தது?"

"ஓம். கப்பல் தாழ்ந்து போச்சோ?" என்று ஜெனனி கேட்டாள்.

அவன் வேலிக்கு இன்னும் கிட்டப் போனான்.

வாசலைத் தாண்டி வந்த ஒரு நீல லொறி தெருவோரத்தில் நின்றது. கட்டையான நரைமுடியோடு ஒரு பெண் இறங்கிக் கோப்பி வாங்கி வந்தார். அனுசன் நேராக அவரிடம் போய், சிசிலிக்காரர்கள் பேசும் இத்தாலியனில் கேட்டான்:

"நீங்கள் நனைந்தீர்களா?"

"நானா? எங்கே?"

ஜெனனி விஷயத்தைச் சொன்னாள். எமிலியானா என்ற அந்த ஓட்டுநர் சிரிக்கவில்லை. கோப்பியை லொறிப் படியில் வைத்துவிட்டு யோசித்தார். பிறகு கதவைத் திறந்தார். இருக்கைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் வரிசையாகக் காலுறைகள்.

"நாப்போலியில் கப்பல் ஏறும்போது கழுவிப் போட்டேன். சொட்டச் சொட்ட இருந்தன. இப்போது நீயே தொட்டுப் பார்."

அனுசன் ஒரு காலுறையைத் தொட்டான். அடுத்ததைத் தொட்டான். ஒன்றையும் விடவில்லை. நீதிபதியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஜெனனியின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஈரமாப் போனதெல்லாம் காய்ஞ்சு வந்திருக்கு!"

"அப்ப காய்ஞ்சு போற நாங்கள்?"

அவன் கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தான். பிறகு, "அம்மாவிட்டைச் சொல்லவேணும். எனக்கு உடுப்பு ஒண்டும் எடுத்து வைக்கேல்லை," என்றான்.

அடுத்த நாள் காலை ரயில் பலேர்மோவை விட்டுப் புறப்பட்டது. இடப்பக்கம் முழுவதும் கடல். எலுமிச்சைத் தோட்டம் வந்தது, சுரங்கம் வந்தது, திரும்பவும் கடல் வந்தது. எது தூக்கம், எது விழிப்பு என்று தெரியாமல் ஜெனனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெசினாவில் ரயில் நின்றது. முன்னே போனது. பின்னே வந்தது. எங்கோ இரும்போடு இரும்பு மோதியது. பிறகு யன்னல்களில் வெளிச்சம் மெதுவாகக் குறைந்தது. கப்பல் அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது.

எதிர் இருக்கையில் தன் அப்பாவோடு வந்த மொனிகா என்ற சின்னப் பெண் விம்மத் தொடங்கினாள். அப்பா என்ன சொல்லியும் நிற்கவில்லை.

ஜெனனி ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அனுசன் இறங்கிப்போய் மொனிகாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"கப்பலுக்கு வாய் பெரியதுதான்," என்று இத்தாலியனில் சொன்னான். "ஆனால் விழுங்கத் தெரியாது. அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடும்."

மொனிகா அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "எல்லாரையுமா?"

"எல்லாரையும். சூட்கேசையும்."

சித்தி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

எல்லோருமாக ஒடுங்கிய இரும்புப் படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போனார்கள். காற்று முகத்தில் அடித்தது. வெளிச்சத்தில் கண்கள் கூசின. சித்தி பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, வெளிக்கிட்டிட்டம்," என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் போனைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டினார். அனுசனும் மொனிகாவும் கம்பிகளுக்கு நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கப்பல் எப்ப வெளிக்கிடும், அக்கா?" என்று அனுசன் கேட்டான்.

ஜெனனி திரும்பிப் பார்த்தாள். சிசிலியின் மலைகள் சத்தமில்லாமல் தூரப் போயிருந்தன. கால்களுக்குக் கீழே, எங்கோ ஆழத்தில், அவர்களுடைய ரயில் அசையாமல் நின்றது. நின்றபடியே கடலைக் கடந்துகொண்டிருந்தது.