புல்லரித்த தோல்

தட்டில் இருந்த தோலுக்குப் புல்லரித்திருந்தது.

முதலில் அவன் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டு, உள்ளங்கை அகலமே இருந்த அந்த வெளிறிய தோல் முழுக்கப் பொடிப்பொடியாய் மேடு தட்டியது. கதவைச் சாத்தினான், கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மெல்ல அடங்கியது. மறுபடி திறந்தான். மறுபடி புல்லரித்தது. எட்டு வருஷமாக இதற்குத்தானே தவம் கிடந்தான்! தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்ட வெறும் தோல் இல்லை, குளிரும் சூடும் உணருகிற தோல். கூரை இடிய ஒரு கத்து கத்தியிருக்க வேண்டியவன். ஆனால் கதவைப் பிடித்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கா இல்லை. அது அவனுக்குப் புதிதும் இல்லை. "நீங்க அந்தப் பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டி என்றைக்கோ கிளம்பிப் போய்விட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பேர் அடைக்கோழி. காதில் விழும்போதெல்லாம் அவனும் சேர்ந்து சிரித்து வைப்பான். ஆளில்லாத நேரத்தில் சத்து நீர் ஊற்றிக்கொண்டே, "சாப்பிடு, நல்லா சாப்பிடு" என்று தோலிடம் பேசுவான். வேறு யாரிடம் பேச?

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அது அவனுடைய தோல். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆய்வுக்கூடத்துத் தலைமை மேடம் படித்துப் படித்துச் சொன்னார்: "சொந்த செல்லை வெச்சு மட்டும் வேலை செய்யாதீங்கப்பா. அடுத்தவங்க செல் தப்பித் தவறி உள்ள போனா உடம்பு அடிச்சு விரட்டும். சொந்தம்னா, நம்ம ஆளுதானேன்னு உட்கார வெச்சுடும்." தெரிந்தும் செய்தான். தோல் தருகிறவரைத் தேடி, அனுமதிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தன் முன்கையிலிருந்தே ஒரு துணுக்கு வெட்டி ஆறு தட்டுகளில் வளர்த்தான். போன வாரம் தட்டில் செல் ஏற்றும்போது ஊசி நழுவி, கிளவுசைத் துளைத்து, ஆள்காட்டி விரலில் ஏறியது. சொன்னால் ஆறையும் அள்ளி நெருப்பில் போட்டுவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டான்.

இப்போது தட்டின் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். வாடை முகத்தில் அடித்தது. சத்து நீரின் வாடை இல்லை. இரண்டு நாள் கழற்றாத சட்டையின் அக்குளில் வருமே, அந்தப் புளித்த வேர்வை வாடை, அவனுடைய வாடையேதான். தோலின் விளிம்பில் பிசுபிசுவென்று அழுக்குத் திரண்டு நூல் நூலாய் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நாலைந்து மயிர் ஈரத்தில் படிந்து கிடந்தன. ஒரு ஓரத்தில், யாரும் கேட்காமலே, மஞ்சளாக அரை நகம். அவன் மூடியைப் போட்டுக் கதவை அறைந்து சாத்தினான்.

"அடச்சீ! என்ன கண்றாவி இது," என்றான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

உள்ளே காற்று படவில்லை. குளிர் இல்லை. இருந்தும் அவன் குரலுக்குப் புல்லரித்தது.

எட்டு வருஷம் போனால் போகட்டும். வாளி நிறைய ப்ளீச்சிங் கரைசலைக் கலந்தான். கிளவுஸ் போடப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுழையவில்லை. பிளாஸ்திரியை உரித்தான். ஊசி ஏறிய இடத்தில் வெளிறிய சதை ஒன்று கொழகொழவென்று புடைத்திருந்தது. அதில் ஒரு மயிர். இன்குபேட்டரைத் திறந்து, வெறுங்கையாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு வாளிக்கு ஓடினான். அவசரத்தில் கவிழ்த்தபோது மூடி விழுந்தது. தோல் விழவில்லை.

விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உதறினான். விடவில்லை. வெதுவெதுப்பாக, எச்சில் மாதிரி வழுவழுப்பாக, அந்தப் புடைப்பைச் சுற்றிச் சுருண்டது. மேஜையில் போன் அடித்தது. அக்கா. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"என்னடா, சாப்பிட்டியா?"

"அக்கா..." என்றபடி அறுவைக் கத்தியை எடுத்தான். தோலின் கோடியில், விரலுக்கு வெகு தூரத்தில், நகத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினான்.

"அம்மா!"

வலித்தது. அவனுக்கு வலித்தது. தோலில் ரத்தம் துளிர்த்தது. விரல் எங்கே முடிகிறது என்று தேடினான். கோடு இல்லை. கத்தி கை நழுவியது.

"டேய், என்னடா ஆச்சு? பயமா இருக்குடா. தனியாவா இருக்க?"

தோலில் புல்லரிப்பு அடங்கியிருந்தது. அவன் கையில்தான் மயிர் சிலிர்த்து நின்றது. பின்னால் ஏதோ உரசியது. திரும்பினான். இன்குபேட்டரை அவன் சாத்தவே இல்லை.

"இல்லக்கா," என்றான்.

திறந்த கதவுக்குள், கீழ் அடுக்கில், மிச்சம் ஐந்து தட்டுகளிலும் தோல் புல்லரித்திருந்தது. ஐந்து மூடிகளும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, உள்ளிருந்து நகம் உரசும் சத்தத்தோடு.