கோர் ரூமில் மூச்சு இல்லை

விஸ்வேஸ்வரன் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார்.

கோர் ரூமின் கடைசிப் படிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து... மடியில் மூக்குக்கண்ணாடி. கூப்பிட்டால் எழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது.

செல்வலட்சுமி கூப்பிட்டாள்.

"சார்..."

தோளைத் தொட்டாள். உடம்பு அப்படியே பக்கவாட்டில் சரிந்தது.

அவள் போட்ட அலறல், மேலே உலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த புளோயர் இரைச்சலையும் தாண்டிப் போனது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து காயலை நோக்கி இறங்கும் சந்தில், ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய கோடவுன்தான் இன்றைக்கு பத்ரா ஃபவுண்டரி. ரயில்வே வேகன் சக்கரத்தின் அச்சு முனையைத் தாங்குகிற ஆக்ஸில் பாக்ஸ் இங்கே வார்க்கப்படுகிறது. உருகிய இரும்பை ஊற்றும்போது, பாகத்தின் உள்ளே எங்கே வெற்றிடம் வேண்டுமோ அங்கே மணலால் செய்த ஓர் உருவத்தை வைப்பார்கள். அதுதான் கோர். மணலில் சிலிகேட் திரவத்தைப் பிசைந்து, மரப்பெட்டியில் இடித்து, கார்பன் டை ஆக்ஸைடு கேஸைச் செலுத்தினால் மணல் கண்ணெதிரே கல்லாகும்.

அந்த வேலை நடப்பது தரைக்குக் கீழே, வெட்டுகல் சுவர் எழுப்பிய இந்த நிலவறையில். செல்வலட்சுமி அதன் இன்சார்ஜ். பிறந்தது மட்டாஞ்சேரி. டிப்ளமோ கோயமுத்தூர். வாய் கொஞ்சம் நீளம்.

விஸ்வேஸ்வரன் இங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

நேற்றுவரை.

சப் இன்ஸ்பெக்டர் ஸுப்ரியா படியிறங்கி வந்து உடலைச் சுற்றிப் பார்த்தாள். காயம் இல்லை. ரத்தம் இல்லை. சட்டைப் பித்தான்கூட அவிழவில்லை.

"வீட்டுல யாரெல்லாம் உண்டு?"

"தனியாளாக்கும் மேடம்." ஃபவுண்டரி முதலாளி ராமபத்ரன் மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "நேத்து சாயங்காலமே நெஞ்சு என்னமோ பண்றதுன்னு சொன்னார். நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"அவர்கிட்ட யாருக்காவது விரோதம்?"

ராமபத்ரனின் பார்வை, படி மேலே கைகட்டி நின்ற மோல்டிங் ஃபோர்மேன் ரமேஷ்பாபுவிடம் போய் நின்றது.

ஸுப்ரியாவின் பார்வையும் போனது.

"நீங்க?"

"ரமேஷ்பாபு. விருதுநகர்ப் பக்கம்."

"அவரோட தகராறா?"

"சத்தம் போட்டேன் மேடம். வேலை விஷயம்."

"என்ன வேலை விஷயம்?"

ரமேஷ்பாபு முதலாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அப்புறம் தனியா சொல்றேன்."

நேற்று மாலை முற்றத்தில் அவன் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். 'இனிமே ஒருநாள்கூடப் பொறுக்க மாட்டேன் சார்' என்று கத்தினான். செல்வலட்சுமியும் கேட்டாள்.

"போஸ்ட்மார்ட்டம் முடியட்டும், பார்ப்போம்" என்றாள் ஸுப்ரியா. "ரமேஷ்பாபு, நீங்க சாயங்காலம் ஸ்டேஷன் வந்து பேசுங்கோ."

ஆம்புலன்ஸ் உடலை எடுத்துக்கொண்டு போனது.

மதியம் கோர் ரூமைக் கூட்டிப் பெருக்க இறங்கியபோதுதான் செல்வலட்சுமி அதைப் பார்த்தாள்.

நேற்று வேலை முடியும்போது, மணல் இடித்த பெட்டிகளை கேஸ் ஏற்றாமல் ரேக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலையில் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று.

மேல் தட்டுப் பெட்டியில் விரலை அழுத்தினாள். மணல் அமுங்கியது.

கீழ் தட்டு...

விரல் வலித்தது.

கல்.

அடுத்த பெட்டி. அதுவும் கல். தரையை ஒட்டியிருந்த எல்லாமே கல்.

கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிட கனம். திறந்துவிட்டால் தண்ணீர் மாதிரி தரையில்தான் தேங்கும். அப்படியானால் நேற்று இந்த அறையில் கேஸ் குளம் மாதிரி நின்றிருக்கிறது. அந்தக் குளத்துக்குள் விஸ்வேஸ்வரன் நின்றிருக்கிறார்...

இன்னொன்றும் உறைத்தது. காலையில் அவள் வந்தபோது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஸ்விட்ச் வெளியே இருக்கிறது. கேஸை வெளியேற்ற யாரோ போட்டிருக்கிறார்கள்.

ஓட்டமாக மேலேறி ராமபத்ரனின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், இது ஹார்ட் அட்டாக் இல்ல. கொன்னிருக்காங்க."

அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். அவள் மூச்சுவிடாமல் சொன்னதை மூச்சுவிடாமல் கேட்டார்.

"வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். நேரா இங்கதான் வரேன்."

"நன்னா பண்ணினே." குரலைத் தாழ்த்தினார். "ரமேஷ்பாபு காதுல விழுந்துடப் போறது. கேஸ் சிலிண்டர் வெச்சிருக்கற பாசேஜ் பக்கம் நேத்து அவன் நின்னதை நான் பார்த்தேனாக்கும். நீ போய் அந்தப் பெட்டியெல்லாம் யாரும் தொடாம பார்த்துக்கோ. நான் எஸ்.ஐ.யைக் கூப்பிடறேன்."

அவள் இறங்கினாள்.

கீழே போகும்போது ரமேஷ்பாபு தூணருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்வி, ஒரு நிமிசம்..."

அவள் நிற்கவில்லை.

பெட்டிகளைத் தனியே நகர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது. எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றது.

"ஹலோ... யாரு? உள்ள ஆள் இருக்கு!"

படியேறிக் கதவைத் தட்டினாள். புளோயர் இரைச்சல்தான் பதில். கதவின் அடி இடுக்கில் யாரோ ஈரச் சாக்கைத் திணித்திருந்தார்கள். வெளிப்பக்கமிருந்து.

ரமேஷ்பாபு.

செல்போனை எடுத்தாள். இந்தச் சுவருக்குள் என்றைக்கு சிக்னல் கிடைத்தது, இன்றைக்குக் கிடைக்க? கதவோரம் மாட்டியிருந்த இன்டர்காமை எடுத்து ஆபீஸுக்கு அடித்தாள். மணி போனது... போனது...

"ஹலோ." ராமபத்ரன்.

"சார், என்னைப் பூட்டிட்டான் சார். ரமேசண்ணன்தான். கதவைத் திறங்க சார்."

"பயப்படாதே கொழந்தே. சாவி எடுத்துண்டு இதோ வர்றேன். நீ அங்கேயே கீழே உக்காந்துக்கோ."

இன்டர்காம் அணைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முதலாளி வருகிறார். போதும்.

கடைசிப் படியில் இறங்கி உட்கார்ந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டது. ஆனால் கதவுப் பக்கமிருந்து அல்ல. ரேக்குக்கு மேலே, சுவரில் கை நுழையும் அளவு ஓர் ஓட்டை உண்டு. அதற்கு அந்தப் பக்கம்தான் சிலிண்டர்கள் நிற்கும் குறுகிய பாசேஜ். வழக்கமான கேஸ் ஹோஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும்.

அந்த ஹோஸ் இப்போது மெல்லப் பின்வாங்கியது. மறைந்தது.

அந்த இடத்தில் வால்வு இல்லாத ஓர் இரும்புக் குழாய் உள்ளே நீண்டது.

ஸ்ஸ்ஸ்...

"யாரது?"

"நாந்தான் கொழந்தே."

ராமபத்ரன்.

"சார்... நீங்களா..."

"கீழே உக்காந்துக்கோன்னு சொன்னேனே, உக்காந்தியோ? வலிக்காது. விஸ்வேஸ்வரன் ஒரு சத்தம் போடலை."

"அவர் உங்களுக்கு என்ன சார் பண்ணாரு?"

"ஆக்ஸில் பாக்ஸ்ல காத்தடைச்ச ஓட்டை இருக்குன்னார். அந்த ஓட்டையிலே பேஸ்ட் அடைச்சு பெயின்ட் அடிச்சு அனுப்பறோம்னு ரயில்வேக்கு எழுதப் போறேன்னார். நான் எத்தனை கெஞ்சினேன் தெரியுமோ?"

"வேகன் கவுந்தா ஆளு சாகும் சார்."

"அவரும் இதையேதான் சொன்னார்."

குரலில் கோபம்கூட இல்லை.

"ரெண்டாவது பாடிக்கு போலீஸ் கேக்குமே, என்ன சொல்லுவீங்க?"

"ரமேஷ்பாபு வால்வைத் திறந்துட்டான்னு சொல்லுவேன். நேத்து அவன் கத்தினதை ஊரே கேட்டதே. கேட்டியா, இப்போ பேசாதே. பேசினா மூச்சு சீக்கிரம் தீரும்."

கோர் மேல் ஸ்பிரிட் கலந்த கறுப்புப் பூச்சு பூசி, தீ வைத்துக் காயவைப்பது வழக்கம். அதற்கான தீப்பெட்டி அவள் ஏப்ரன் பையில் இருந்தது. ஒரு குச்சியைக் கிழித்து மெல்லத் தாழ்த்தினாள்.

முழங்காலருகே போனதும் சுடர் அணைந்தது. காற்றில்லை. யாரோ ஊதின மாதிரி போய்விட்டது.

அந்தக் குழாயை எட்டியாக வேண்டும். படியிலிருந்து பாய்ந்து ரேக்கில் ஏறினாள். முதல் தட்டு. இரண்டாவது. மூன்றாவது. தலை கூரையில் இடித்தது. இன்னொரு குச்சியைக் கிழித்துக் கையைக் கீழே நீட்டினாள். இப்போது முதல் தட்டுக்கு மேலேயே அணைந்தது.

ஏறிக்கொண்டே வருகிறது.

தலை வலிக்கத் தொடங்கியது. மூச்சு நாய் மாதிரி இரைத்தது. துப்பட்டாவைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தாள். துணியின் ஊடாக கேஸ் சிரித்துக்கொண்டே வந்தது. இழுத்தாள். குழாய் அசையவில்லை. வளைக்கவும் முடியாது, இரும்பு.

அம்மா ஞாபகம் வந்தது. இன்றைக்குக் கப்பையும் மீனும் என்று காலையில் சொன்னாள்...

கை எதையோ தட்டியது.

மேல் தட்டுப் பெட்டி. கேஸ் ஏறாத, ஈரமான, மாவு மாதிரியான மணல்.

அவள் அந்த மணலையே பார்த்தாள்.

பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள்.

குழாய் வாயில் வைத்துத் திணித்தாள். கேஸ் தள்ளியது, மணல் முகத்தில் தெறித்தது. மறுபடி அள்ளி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். கட்டைவிரலால் உள்ளே இடித்தாள். வாழ்நாளெல்லாம் செய்த வேலைதான்... இத்தனை அவசரமாகச் செய்ததில்லை.

அவளைக் கொல்ல வந்த கேஸ் அந்த மணலுக்குள் புகுந்தது.

மணல் இறுகியது.

ஸ்ஸ்... ஸ்...

நின்றது.

செல்வலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

"என்னாச்சு? ஏன் நின்னுடுத்து?" வெளியே ராமபத்ரனின் குரல். பிறகு முணுமுணுப்பு. "ரெகுலேட்டர் உறைஞ்சு போயிருக்கும். சனியன்."

கேஸ் ஓடும்போது குளிரில் ரெகுலேட்டர் அடைத்துக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். ஸ்பேனர் உரசும் சத்தம் கேட்டது. ரெகுலேட்டரைக் கழற்றுகிறார். குழாயோடு இணைத்திருந்த ரப்பர் ஹோஸை நேராக சிலிண்டரில் மாட்டுகிறார். அவளுக்குப் புரிந்தது. ரெகுலேட்டர் இல்லாமல், மொத்த அழுத்தமும் ஒரே அடியாக...

அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வால்வு திறந்தது.

கல்லாகிப்போன மணல் அசையவில்லை. அசைந்தது ஹோஸ்.

வெடித்தது.

சுவர் அதிர்ந்தது. ஓட்டை வழியாக வெண்புகை சுருண்டது. ஒரு கத்தல்... ஏதோ விழுந்து உருண்டது... அப்புறம் சீறல் மட்டும். அதுவும் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

"சார்?"

பதில் இல்லை.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. சாவி அவரிடம் இருக்கிறது. அவர் அங்கே விழுந்து கிடந்தால் கதவை யார் திறப்பது? விழுந்த மாதிரி நடித்திருந்தால்... திறக்கப்போவது அவர்தான்.

ரேக்கிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை உருவிக்கொண்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கினாள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளத்துக்குள் இறங்கி, கண் எரிய, தட்டுத்தடுமாறிப் படியேறிக் கதவருகே நின்றாள். இங்கே இன்னும் கொஞ்சம் காற்று இருந்தது.

தாழ்ப்பாள் அசைந்தது.

கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு எதிராக ஓர் உருவம்.

அடித்தாள்.

"ஐயோ... யம்மா..."

ரமேஷ்பாபு நெற்றியைப் பிடித்துக்கொண்டு மடிந்து உட்கார்ந்தான். அவன் மறு கையில் முதலாளியின் சாவிக்கொத்து.

"அண்ணே... நீங்களா?"

"நாந்தான் தாயி. அந்தாளு சிலிண்டருகிட்ட மல்லாந்து கெடக்காரு. வெளிய இழுத்துப் போட்டுட்டு ஒன்னியத் தொறக்க வந்தேன்." விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "நல்ல மரியாதை."

"நேத்து விஸ்வம் சார்கிட்ட ஏன் கத்துனீங்க?"

"ரயில்வேக்கு இன்னைக்கே எழுதுங்கன்னுதான் கத்துனேன். அந்த மனுசன், மொதலாளிக்குத் திருந்த ஒரு நாள் குடுப்போம்னாரு. குடுத்தாரு பாரு. அதச் சொல்லத்தான் ஒன்னியக் கூப்பிட்டேன், நிக்காமப் போன. அப்புறம் மொதலாளி கொழாயத் தூக்கிக்கிட்டு பாசேஜுக்குப் போறதப் பாத்ததும் எஸ்.ஐ.க்குப் போன் போட்டேன்."

செல்வலட்சுமி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழ அழ மூச்சை இழுத்தாள். சந்தின் அழுக்குக் காற்று, காயல் சேற்று நாற்றம், இஞ்சி கோடவுனின் காரம்... எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள்.

போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்ஸும் சந்துக்குள் முட்டிக்கொண்டு வந்தன. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கும், சீறிய கேஸின் உறைகுளிரில் வெந்துபோன வலது கையுமாக ராமபத்ரன் ஸ்ட்ரெச்சரில் போனார். கூடவே ஒரு கான்ஸ்டபிளும் ஏறிக்கொண்டார்.

"பிழைச்சுப்பார். பதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கே" என்றாள் ஸுப்ரியா. பிறகு ரமேஷ்பாபுவின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். "இது அவர் அடிச்சதா?"

"இல்ல மேடம்." செல்வலட்சுமி தலையைக் குனிந்தாள். "நான்."

"அப்போ கம்ப்ளெயின்ட் உண்டோ ரமேஷ்பாபு?"

"அதெல்லாம் வேண்டாம் மேடம்" என்றான் அவன், கட்டைத் தடவிக்கொண்டு. "வார்த்தெடுத்த சரக்கை எல்லாம் தட்டிப் பாத்துத்தான் எடுக்கணும்னு தங்கச்சிக்கு டிப்ளமோல சொல்லிக் குடுத்திருக்காங்க. என் மண்டைக்குள்ள ஓட்டை ஏதும் இல்லன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுங்க!"