காலியாக இருந்த படம்

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, காலையில்தான் வெள்ளையடித்து முடித்திருந்த ஷெட்டுச் சுவரில், ஞானமுத்து ஒரு கைக்கடிகாரத்தின் படத்தைப் பார்த்தார். சிவப்பு பெயின்டில் இழுத்த கோடு. ஒரு வட்டம், இரண்டு பக்கமும் வார், வாரின் நுனியில் கொக்கி. அதை மாட்டுவதற்கு மேலே ஒரு ஆணியும் அடித்திருந்தது. கடிகாரத்துக்கு அவர் படம் போடவில்லை.

ஞானமுத்துவுக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே ஒவ்வொரு கருவியையும் சுவரோடு வைத்து, அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்து, அந்த இடத்திலேயே ஆணியில் மாட்டுவார்கள். அதற்குப் படம் போடுவது என்று பேர். ஷிப்டு முடிகிறபோது சுவரை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒரு படம் காலியாக இருந்தால், அந்தக் கருவி இன்னும் எங்கோ ஒரு மிஷினில் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்று அர்த்தம். சங்கு ஊதினாலும் சரி, எந்த மகாராசா வந்து கூப்பிட்டாலும் சரி, அது கிடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இதையே எல்லோருக்கும் ஓதி ஓதி வாய் வலித்தவர் ஞானமுத்து.

வீட்டோரம் இந்த ஷெட்டைப் போட ஆரம்பித்தது மகன் அருளப்பன். ரஞ்சன்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், காலை ஏழரைக்கெல்லாம் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு பக்கம் அந்த வண்டி, ஒரு பக்கம் அப்பாவும் பிள்ளையும் பிரித்துப் போட்டிருந்த பழைய பியட் கார், நடுச்சுவர் முழுக்கக் கருவிகள் என்று நோட்டில் வரைந்து வைத்திருந்தான். சிமெண்ட் ஆலைக்காரர் வீட்டில் மண்தரையா என்று கேலி பண்ணியே அவரைத் தரை போட வைத்தான். நடுச்சுவரில் கருவிகளுக்குப் படம் போட்டு மாட்டியது ஞானமுத்து. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஏறிய வாரத்தில், நெடுஞ்சாலையில் வண்டியின் பின்சக்கரம் கழன்று அவன் போய்விட்டான். இருபத்தாறு வயசு. தாடியைக்கூட ஒழுங்காக வளர்க்கத் தெரியாத பிள்ளை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அவர் மனைவி மரிய புஷ்பம் சொன்னாள்: "ஷெட்ட முடிச்சிடுங்க. ஞாயித்துக்கெழம சாமியாரு வந்து செபம் சொல்லி மந்திரிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. புள்ள ஆசப்பட்டது, அரகொறையா நிக்க வேணாம்."

ஆனால் அவள் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தினமும் ஒரே கேள்வி.

"அன்னிக்கு வண்டி நல்லாத்தானங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு, புஷ்பம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். அந்தப் பதிலில்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். பிள்ளைக்கு அப்புறம் அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அவளும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று ஞானமுத்து பயந்தார்.

கடிகாரப் படத்தைக் காட்டி, கருவிகள் மாட்டிய இடத்தை மட்டும் விட்டு வெள்ளையடித்திருந்த கண்ணையனைக் கேட்டார். "நா எதுக்குண்ணே செவுத்துல கிறுக்கப்போறேன்?" என்று அவன் கோபித்துக்கொண்டான். கண்ணையன் போன பிறகு ஞானமுத்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வாரில் மூன்றாம் ஓட்டைக்கும் நாலாம் ஓட்டைக்கும் நடுவே ஒரு கிழிசல், அதையும் விடாமல் வரைந்திருந்தது. அருளப்பனின் கடிகாரம். வேலை கிடைத்தபோது அவரே வாங்கிக் கொடுத்தது. அதைக் கையில் கட்டிவிட்டுத்தான் பெட்டியை மூடினார்கள்.

வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து அதன்மேல் அப்பினார். ஆணியைப் பிடுங்கினார். தட்டையான தலை, குட்டையான கம்பி. அவர் டப்பாவில் அந்த மாதிரி ஆணி கிடையாது. அதை எங்கே பார்த்தோம் என்று யோசித்தார், யோசித்த மாத்திரத்தில் கையை உதறிக் கீழே போட்டார். சவப்பெட்டி மூடிக்கு அடிக்கிற ஆணி அது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை கிடுகிடுத்து அடங்கியது. வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது, உள்ளே ஈரச் சுண்ணாம்பும் டயர் ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்து வாடை அடித்தது. அவர் பியட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய்க் கறை துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது, காருக்கு அந்தப் பக்கம், ஈரச் சுவரில் பிரஷ் மெதுவாக இழுபடுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, வளைவுகளில் கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்து, அவசரமே இல்லாமல் வேலை தெரிந்த ஒரு கை வரைகிற சத்தம். காருக்குக் கீழே தெரிந்த தரையில் கால் எதுவும் இல்லை. வெளியே வந்தபோது கடிகாரம் திரும்ப இருந்தது. பக்கத்தில் ஒரு செபமாலை, ஒவ்வொரு மணியாக. கீழே ஒரு ஜோடி ஷூ.

எல்லாம் பெட்டிக்குள் போனவை.

புஷ்பம் பார்க்கும் முன்னே எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்பை அப்பினார். அவளிடம் என்னவென்று சொல்வது? சுவரில் மற்ற கருவிகளுக்கு நடுவே இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானர் அதன் படத்துக்குள் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அவர்தான் ராஜ்தூத்தின் செயினைச் சரிபண்ணப் பின்சக்கர நட்டைத் தளர்த்தினார். நட்டைக் கையால் திருகி நிறுத்தியிருந்த நேரத்தில் ஆலை வேன் ஹாரன் அடித்தது. நைட் ஷிப்டு. கை கழுவிக்கொண்டு ஓடும்போது சுவரைப் பார்த்தார். அந்த ஸ்பானரின் படம் காலியாக இருந்தது. பார்த்தார். பார்த்தும், காலையில் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று வேனில் ஏறிவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்பதே அவருக்குத் தெரியாது. பிள்ளை விடிகாலை நாலு மணிக்கே கிளம்பியிருந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்பானரைப் புல்லில் கண்டெடுத்து, துடைத்து, யாரும் பார்க்காமல் மாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையெல்லாம் தீர்ந்தது. பியட்டை அதன் இடத்துக்குத் தள்ளி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ராஜ்தூத்தை நிறுத்தி, நசுங்கின டாங்க்கைத் துடைத்தார். திரும்பினார்.

நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம்.

தோள். கழுத்து. இடது பக்கம் எடுத்த வகிட்டில் எழும்பி நிற்கிற முடி. வலது கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்களே, அப்படியே. பெயின்ட் ஈரமாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

அவர் பின்வாங்கினார், முதுகு காரில் இடித்தது.

"ஏங்க, காப்பி." வாசலில் புஷ்பம். அவள் கண் சுவருக்குப் போனது. டம்ளர் சாய்ந்து காப்பி அவள் காலில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "இது நம்ம தம்பிங்க."

"உள்ள வராத, புஷ்பம்."

"அன்னிக்கு வண்டி நல்லாத்தான இருந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். "இல்ல," என்றார். "நட்டு இறுக்கல. நாந்தான் கழட்டுனேன். ஸ்பானரோட படம் காலியா இருந்துச்சு, பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். என் புள்ளைய நானே கொன்னுட்டேன், புஷ்பம்."

அவள் அழவில்லை. அவரை ஏசவும் இல்லை. அவரைப் பார்க்கவேயில்லை. நாற்பது நாளில் முதல் தடவையாக ஷெட்டுக்குள் கால் வைத்து, அவரைக் கடந்து, சுவரிடம் போனாள். அந்த வெள்ளை மார்பில் கன்னத்தைச் சாய்த்தாள்.

"சூடா இருக்குங்க," என்றாள்.

பிரஷ் சத்தம் கேட்டது. அவள் குதிகாலில் தொடங்கியது. சேலை மடிப்பு. இடுப்பு. கொண்டை. சிவப்புக் கோடு தானாக ஏறியது. ஞானமுத்து பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். கை வந்தது, ஆள் வரவில்லை.

"விடுங்க. இத்தன நாளா புள்ள தனியா நிக்கிறான்."

"நானும் வரேன். புஷ்பம், நானும் வரேன்."

அவர் பிடியில் இருந்த கை இளகியது, குளிர்ந்தது, ஈரச் சுண்ணாம்பாக விரல் இடுக்கில் வழிந்தது. தரையில் டம்ளர் மட்டும் கிடந்தது.

சுவரில் இப்போது இரண்டு பேர். அம்மாவின் கை பிள்ளையின் முதுகைச் சுற்றியிருந்தது. கோட்டுக்குள்ளே வெள்ளை லேசாக ஏறி இறங்கியது. மூச்சு விடுகிற மாதிரி. உள்ளே, மிக மெதுவாக, இரண்டு பேர் பேசிக்கொள்கிற சத்தம்.

அவர் அவர்கள் பக்கத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார்.

சுவர் சில்லென்றிருந்தது.

பிரஷ் வரவில்லை.

சிவப்பு பெயின்ட் டப்பாவை அவரே திறந்தார். குனிந்து, நிமிர்ந்து, கை எட்டின வரைக்கும் தன்னைச் சுற்றித் தானே கோடு இழுத்தார். கால், இடுப்பு, தோள், தலை. கோணல்மாணலாக. "எனக்கும் எடம் குடுங்கடா," என்று அழுதார். "நா எங்க போவேன்?"

பேச்சு நின்றது.

விலகி நின்று பார்த்தார். அவர் போட்ட படம் காலடியிலிருந்து மறைய ஆரம்பித்திருந்தது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், மட்டை போய்வருகிற தடம் அதில் தெரிந்தது. இரண்டு பேர் கைகளின் தடம். கால் போனது. இடுப்பு போனது. சுவருக்கு உள்ளேயிருந்து, நிதானமாக, அவர்மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.