நாய் பேசும் இடம்

பதினொரு நொடி! ஒரு கொட்டாவி விடுவதற்குள் ஓடிப்போகும் பதினொரு நொடிக்காக யாராவது அழுவார்களா? நான் அழவில்லை. மூக்குதான் அரிக்கிறது.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் மூக்கைத் தேய்த்துவிட்டாள்.

நூலக மாடியில் குறும்பட விழா. சிறுவர் படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அவள் எடுத்த படம் பதினொரு நொடி அதிகம். பெயர் போடும் நேரம் கணக்கில் வராது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

"அரை மணி நேரம் இருக்கு பாப்பா. எதையாவது வெட்டு," என்றார் படம் ஓட்டும் மாமா, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி. "கடைசியில அந்த நாய் பேசுதே, அதை எடுத்துடேன். நாய் எங்கயாவது பேசுமா?"

அந்த நாய், அவள் தம்பி.

அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயாக, படம் முழுக்க அவன் தவழ்ந்திருந்தான். கடைசிக் காட்சியில் பொறுக்க முடியாமல் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, கேமராவுக்கு மிக அருகே வந்து, "அக்கா, முட்டி எரியுது. முடிஞ்சுதா, இல்லையா?" என்று கேட்டுவிட்டான். அவள் அதை அப்படியே வைத்திருந்தாள்.

கதவுக்கு வெளியே தம்பியின் குரல் கேட்டது.

"எனக்கு ஒரே ஒரு வசனம்தாம்மா. அப்ப நீ இருமக் கூடாது."

"மூச்சே விடமாட்டேன்டா," என்றாள் அம்மா.

செருப்பைத் தேடும் அப்பாவை வெட்டினால் கதை புரியாது. மிச்சம் இருப்பது, தொடக்கத்தில் அவள் பெயர் வரும் இடம். பன்னிரண்டு நொடி.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பொத்தான்கள் ஊர்ந்து வந்து, ஒவ்வொன்றாக அவள் பெயராக நிற்கும். கடைசிப் புள்ளியாக ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் தாமதமாக ஓடிவரும். அதற்காக மூன்று நாள் உட்கார்ந்து நூற்றிருபது புகைப்படங்கள் எடுத்திருந்தாள்.

இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பச்சைப் பொத்தான் வந்து நின்றது.

வெட்டினாள்.

படம் ஓடியது. நாய் எழுந்து பேசியதும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. தம்பி நாற்காலி மேல் ஏறி நின்று, "இப்ப ஆறிடுச்சு!" என்று கத்தினான். கைதட்டல் இன்னும் பலத்தது.

படம் ஓட்டும் மாமா அவளைத் தேடி வந்தார்.

"சாயங்காலம் இன்னொரு தடவை போடச் சொல்றாங்க பாப்பா. ஆனா யார் எடுத்த படம்னு எல்லாரும் என்னைக் கேக்கிறாங்க. அப்பவும் அஞ்சு நிமிஷம்தான். நாய் பேசுறதை எடுத்துட்டு, உன் பேரைச் சேர்த்துடவா?"

அவள் மனதுக்குள் பச்சைப் பொத்தான் ஒருமுறை ஓடிவந்தது. அந்தப் பக்கம் தம்பி, முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் மாமா," என்றாள் மெதுவாக. "நாய் பேசட்டும்."