குணாளன் நல்ல மெக்கானிக்!

கைத்தொலைபேசி அலறியது.

தர்மலிங்கம் உடனே எடுக்கவில்லை. என்ன செய்தி வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். பதறிக்கொண்டு எடுத்தால் சந்தேகம் வரும்... இரண்டு முறை அடிக்க விட்டு மூன்றாவது மணியில்தான் எடுத்தான்.

"தர்மலிங்கம் அண்ணனா? இன்ஸ்பெக்டர் காளிதாசன் பேசுறேன்."

"சொல்லுங்க சார்."

"குணாளனத் தெரியும்ல? யூடியூப்ல காடி ரிப்பேர் சொல்லிக் கொடுப்பாரே... செத்துட்டாரு."

"அய்யய்யோ!"

காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அய்யய்யோ. சனியன், ஒரு விநாடி பிந்தித்தான் வெளியே வந்தது.

"எப்படி சார்?"

"வீட்டு போர்ச்சுல காடிக்குக் கீழ படுத்து ஆயில் மாத்திக்கிட்டு இருந்திருக்காரு. ஜாக் சாஞ்சு காடி நெஞ்சு மேல எறங்கிருச்சு."

"நான் அப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன் சார்! இந்தப் பைத்தியக்காரன் ஒருநாள் இப்படித்தான் சாவான்னு!"

"அதாண்ணே கூப்புட்டேன். சோதனை பண்ற கவர்மெண்ட் ஆளு செவ்வாக்கெழமதான் வருவாராம். தொழில் தெரிஞ்ச ஒருத்தர் பாத்து, இது விபத்துதான்னு சொல்லிட்டா நான் ரிப்போர்ட்ட முடிச்சிருவேன். கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

தர்மலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொலை செய்தவனையே கூப்பிட்டு, இது கொலை இல்லை என்று சாட்சி கேட்கிறது போலீஸ்!

ஆமாம்... கொலைதான். செய்தவன் இவன்தான்.

குணாளன் என்றால் யார்? மலேசியாவில் கூலிம் ஊரில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்த்தவன். லீவு நாளில் போனை ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, 'உங்க காடி உங்க கையில' என்று கார் ரிப்பேர் சேனல் நடத்தியவன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நாற்பதாயிரம் மடையர்கள்!

பிரேக் பேடைத் தலைகீழாக மாட்டி, 'கிர்ர்ர்னு சத்தம் வந்தா நல்லா புடிக்குதுன்னு அர்த்தம்' என்று சொன்ன மேதை அவன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து புருவத்தைப் பொசுக்கிக்கொண்டான். அதையும் வெட்கமில்லாமல் வீடியோவாகப் போட்டான். அதற்கும் இரண்டாயிரம் லைக்!

தர்மலிங்கம் முதலில் சந்தோஷப்பட்டான். குணாளனைப் பார்த்துக் கெடுத்த காடியெல்லாம் கடைசியில் இவன் பட்டறைக்குத்தானே வந்தாக வேண்டும்?

வந்தன. ஆனால் காடிக்காரன் சும்மா வரவில்லை. கையில் போனோடு வந்தான். இவன் போல்ட்டு கழற்றும்போது பக்கத்தில் நின்று, "குணாளன் அண்ணன் வேற மாரி சொன்னாரே..." என்றான்.

இருபத்திரண்டு வருடம் கிரீஸில் ஊறிய கையைப் பார்த்து ஒருத்தன் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? தர்மலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

போன வாரம்தான் உச்சம். குணாளன் இவன் புகைப்படத்தையே வைத்து வீடியோ போட்டான். 'இந்த மாரி பழைய ஆளுங்ககிட்ட காடிய விடாதீங்க மக்களே!' அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் ஒரு சைக்கிள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு நேரே குணாளன் வீட்டுக்கே போனான். ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. குணாளன் மனைவி ஷீலா கோயிலுக்குப் போயிருந்தாள். குணாளன் காடிக்கு அடியில் கிடந்தான்; கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அந்த வீடியோவ எடுத்துருடா."

"முடியாதுண்ணே! உங்க மூஞ்சிக்கு வியூஸ் நல்லா ஏறுது லா!"

காடிக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது... கெக்கெக்கே என்று.

பத்து நிமிடம் வாதாடிப் பார்த்தான். சிரிப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் தர்மலிங்கம் அந்த ஜாக்கைப் பார்த்தான். வழியில் டயர் மாற்றுவதற்கென்று காடியோடு கொடுப்பார்களே, அந்த நோஞ்சான் ஜாக். சரிவான தரை. சக்கரத்துக்குக் கல் இல்லை. ஹேண்ட் பிரேக் போடவில்லை.

தோளால் ஒரு தள்ளு. ஒரே ஒரு தள்ளு!

சிரிப்பு நின்றது.

தொட்ட இடமெல்லாம் ஞாபகம் வைத்துத் துடைத்தான். காடியின் பக்கவாட்டு, கேட்டுத் தாழ்ப்பாள், எல்லாம். வந்த வழியே போய்விட்டான்.

இனிமேல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வாயைத் திறந்து 'விபத்து' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கழுத்து தப்பியது, பட்டறையும் தப்பியது.

தர்மலிங்கம் போர்ச்சுக்குள் நுழைந்தபோது குணாளனின் உடல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தது. தீயணைப்பு ஆட்கள் தூக்கி நிறுத்திய காடி, மரக்கட்டைகள் மேல் நின்றது. கீழே கறுப்பு எண்ணெய். எண்ணெயோடு வேறொன்றும் கலந்திருந்தது. தர்மலிங்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோப்ரல் சுல்கிப்லி புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் ஷீலா அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் காளிதாசனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மெலிசாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான்.

இவனா என்னைப் பிடிக்கப் போகிறவன்? தர்மலிங்கத்துக்கு நெஞ்சு லேசானது.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களாண்ணே?"

"இவன் வீட்டு வாசப்படிய நான் எதுக்கு சார் மிதிக்கப் போறேன்?"

"செரி. பாத்து சொல்லுங்க."

தர்மலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காடியை ஒரு சுற்று சுற்றினான். நடிக்கவே தேவைப்படவில்லை. வெறுப்பு தானாகக் கொட்டியது.

"இந்த ஜாக்க நம்பி ஒருத்தன் கீழ படுப்பானா சார்? இது டயர் மாத்துறதுக்கு! பட்டறையில வேலைக்குச் சேந்த மொத நாளே இதத்தான் சொல்லிக் கொடுப்போம். ஸ்டாண்டு வைக்காம தலையக்கூட உள்ள நீட்டாதன்னு."

"செங்கல்லு வச்சிருந்தாரே?"

"செங்கல்லா! எடை ஏறுனா பொடிப்பொடியாப் போயிரும் சார். பிஸ்கட்ட வச்சிருக்கலாம், சாப்டவாவது ஆவும்."

"அப்புறம்?"

"தரை சரிவு. சக்கரத்துக்குக் கட்டை இல்ல. ஆயில் மூடியத் தொறந்து என்ஜின் மேலயே வச்சிருக்கான், உள்ள விழுந்தா தெரியும் சேதி. பழைய ஆயில புடிக்க எத வச்சிருக்கான் பாருங்க... கொழம்பு சட்டி! அந்தப் பொண்ணு அதுலதான நாளைக்கு ஆக்கும்?"

வாசலில் ஷீலா விசும்பினாள்.

"கைலி கட்டிக்கிட்டுக் கீழ படுத்திருந்தாருண்ணே."

"கைலியா? தூ! ஒன்னுகூட சரியா செய்யல சார். இவன் சாவலன்னாத்தான் அதிசயம். விபத்து சார்! நூத்துக்கு நூறு விபத்து!"

சொல்லிவிட்டான்! அவ்வளவுதான், முடிந்தது.

காளிதாசன் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினான். பேனாவை மூடினான். மறுபடி திறந்தான்.

"ஒன்னே ஒன்னு மட்டும் கேட்டுக்கிறேன். இங்க வாங்க."

காடியின் முன்பக்கத் தரையில் ஒரு பழைய பேப்பர் விரித்திருந்தது. அதன்மேல் ஸ்பேனர்கள்.

எட்டு. பத்து. பன்னிரண்டு. பதினாலு. பதினேழு. பத்தொன்பது.

சிறிசிலிருந்து பெரிசு வரை வரிசையாக. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து, ஒரே இடைவெளியில்.

தர்மலிங்கம் குனிந்து பார்த்தான்.

அது அவனே வைத்த வரிசை!

காலையில் குந்தி உட்கார்ந்து குணாளனோடு வாதாடும்போது... கை சும்மா இருக்கவில்லை! இருபத்திரண்டு வருடமாக வேலை முடியும் ஒவ்வொரு சாயங்காலமும் அடுக்கிய கை. இவனைக் கேட்காமலே அடுக்கிவிட்டிருக்கிறது. அடுக்கியதே இப்போதுதான் ஞாபகம் வருகிறது... அப்போது ஞாபகத்தில் இல்லாததை எப்படித் துடைத்திருப்பான்?

"யாருண்ணே இப்படி அடுக்கியிருப்பா?"

"அ... அவன்தான் சார்."

"குணாளனா?"

"வேற யாரு?"

"அப்ப அவருக்குத் தொழில் தெரியும்னு சொல்லுங்க."

தர்மலிங்கம் ஸ்பேனர்களிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

காளிதாசன் வாசல் பக்கம் திரும்பினான். "ஷீலாம்மா, கேட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் சாமான் எப்படி அழகா அடுக்கியிருக்காருன்னு தர்மலிங்கம் அண்ணனே சொல்றாரு."

ஷீலா எழுந்து வந்தாள். கையில் போன் இருந்தது.

"அண்ணே... அவர ஊரே கேலி பண்ணுச்சுண்ணே. கோமாளி மெக்கானிக்குன்னு கமெண்ட் போட்டாங்க. இப்ப செத்தும் சிரிக்கிறாங்க. நீங்க பெரிய மெக்கானிக்கு. உங்க வாயால, குணாளன் நல்ல மெக்கானிக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அவரு சேனல்லயே போட்டுர்றேன். எனக்கு அது போதும்."

போனைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்புப் புள்ளி மினுக்கியது.

"சொல்லுங்கண்ணே," என்றான் காளிதாசன். "சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க. நானும் அதையே எழுதிட்டு கேஸ மூடிர்றேன்."

மூன்றே வார்த்தை. குணாளன்... நல்ல... மெக்கானிக். சொன்னால் வீடு. சொல்லாவிட்டால்?

சொல்லித் தொலையேன்டா மடையா! உயிர் போகிற விஷயம்!

தர்மலிங்கம் வாயைத் திறந்தான்.

"குணாளன்..."

"ஆங்?"

"குணாளன் ந... ந..."

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நாற்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். கிர்ர்ர் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டிய நாற்பதாயிரம் பேர். அவர்கள் முன்னால் இந்தத் தறுதலை நல்ல மெக்கானிக் என்று தர்மலிங்கம் வாயால் சாட்சி சொல்ல வேண்டுமாம்!

"ஸ்பேனர எவ்ளோ நல்லா வச்சிருக்காரு பாருங்கண்ணே," என்றான் காளிதாசன் மெதுவாக. "உங்க பட்டறையிலகூட இவ்ளோ சுத்தமா..."

"யோவ்!"

தர்மலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அவனா வச்சான்? அவனா? எட்டுக்குப் பக்கத்துல பத்தொம்போது கெடந்துச்சுய்யா! பதினாலு செடிச்சட்டிக்குள்ள! பத்து அவன் செருப்புக்கு அடியில! அத எல்லாம் பொறுக்கியெடுத்து அடுக்குனது நானு! இந்தக் கையி! இருவத்திரண்டு வருசத்துத் தொழில் அது! அத அவன் பேர்ல எழுதுவீங்களா நீங்க?"

கோப்ரல் சுல்கிப்லி அன்றைய நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எப்பண்ணே பொறுக்கி அடுக்குனீங்க?" என்று கேட்டான் காளிதாசன். "வாசப்படியவே மிதிக்கலன்னீங்களே?"

தர்மலிங்கம் தன் கையைப் பார்த்தான்.

ஷீலா போனைக் கீழே இறக்கவில்லை.

"பாவி..." என்றாள். "என் புருசன் கோமாளிதான்யா. ஆனா எனக்கு இருந்த ஒரே ஆளுய்யா அவரு!"

தர்மலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கிறுக்கனைக் கொன்றதாகத்தான் காலையிலிருந்து நினைத்திருந்தான்; இவளுக்கு இருந்த ஒரே ஆளைக் கொன்றது இப்போதுதான் உறைத்தது.

காளிதாசன் விலங்கை எடுத்தான்.

"எண்பத்தாறு வீடியோ போட்டிருக்காருண்ணே. எல்லாத்துலயும் பாதியில நிறுத்திட்டு, 'அந்தப் பத்தாம் நம்பரக் காணமே'ன்னு தேடுவாரு. அப்படிப்பட்ட ஆளு வரிசையா அடுக்கி வச்சிட்டு சாவாரா? ஸ்பேனர்ல ரேகை எடுத்தாச்சு. உங்க ஐசி கார்டு ரேகையோட ஒத்துப் பாக்க நாலு நாளு ஆவும். நாலு நாளு காத்திருக்க வேணாம்னுதான் உங்கள வரச் சொன்னேன்."

போலீஸ் வேன் உடலோடு போயிருந்தது. காளிதாசனின் சொந்தக் காடிதான் வெளியே நின்றது. தர்மலிங்கத்தைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் கோப்ரல் ஏறிக்கொண்டார்.

காளிதாசன் சாவியைத் திருப்பினான்.

டிக்.

மறுபடி திருப்பினான்.

டிக்... டிக்...

"என்ன சார்?" என்றான் தர்மலிங்கம், தன்னையறியாமல்.

"ஒன்னுமில்லண்ணே. இப்படித்தான் சமயத்துல மக்கர் பண்ணும். பானட்டத் தொறந்து ஒரு தட்டு தட்டுனா..."

"நீங்க எதையும் தொடாதீங்க! நான் பாக்குறேன்."

விலங்குக் கையோடு இறங்கி பானட்டைத் திறந்தான் தர்மலிங்கம். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பேட்டரி ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. பிடிமானம் இல்லாத முனைக்குள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் சொருகியிருந்தது. மேலே ஒரு ரப்பர் பேண்டு!

"இத... இத யாரு பண்ணது?"

காளிதாசன் பின்கழுத்தைச் சொறிந்தான்.

"நான்தாண்ணே. குணாளனோட முப்பத்திரண்டாவது வீடியோ. நானும் அவருக்கு சப்ஸ்கிரைபர்தான்."

தர்மலிங்கம் பேட்டரியைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். தன் கை விலங்கைப் பார்த்தான்.

"ஒரு கொலைக்கும் ரெண்டு கொலைக்கும் தண்டனை ஒன்னுதான சார்?"