ஒரு கோட்டு எடை

பதினொரு மணி அடித்த சற்று நேரத்தில், அறைக்குள் யாரும் வராமலேயே, ரசமட்டத்தின் குமிழி ஒரு கோடு நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றது.

அவள் அப்போது ஒரு மைக்ரோமீட்டரைப் பிரித்துப் போட்டு, வெள்ளைப் பெட்ரோலில் தோய்த்த பிரஷால் அதன் திருகுப் புரிகளில் அடைந்திருந்த கறுப்பு எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தாள். காற்று வந்தால் தூசி வரும், வெயில் வந்தால் எஃகு விரியும் என்பதற்காக ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, காலையிலிருந்து ஒரே நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் நெடியும் மரத்தரையின் மெழுகு வாடையும் கலந்து மூடிய அறையில் அசையாமல் நின்றன. எங்கோ கீழே குழாய் சொட்டும் ஒலி மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

தொழிற்சாலையில் பத்து வருடம் பார்த்த, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையை, மகள் பிறந்த பிறகு வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தவள் அவள். மேசைமேல் ஒரு கருங்கல் பலகை, கண்ணாடிபோல் இழைத்தது. அதன் ஓரத்தில் எந்நேரமும் ஒரு ரசமட்டம் காவல் இருக்கும். தரை மரப்பலகையானதால் வாசல் பக்கம் யார் வந்து நின்றாலும் அது மயிரிழை அமுங்கும். குமிழி எதிர்ப்பக்கமாக, ஜன்னலை நோக்கி ஓடும். வந்தது யார் என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பஸ் ஓட்டும் கணவன் என்றால் மூன்று கோடு. ஏழு வயது மகள் என்றால், அச்சடித்தாற்போல் ஒரு கோடு.

அன்று காலைகூட அதை வைத்து ஒரு சிரிப்பு நடந்திருந்தது.

"மூணரைக் கோடு காட்டுதுங்க. ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க."

"என் மானத்த வாங்கறதுக்குன்னே இதை வெச்சிருக்கியா? பாக்கெட்ல சில்லறை இருக்கு, அந்த கனம்!"

"சில்லறையா, தொப்பையா?" என்று மகள் இடையில் புகுந்தாள். அப்பா அவளைத் துரத்தினார்.

வாசற்படிக்கு உள்ளே தரையில் ஒட்டிய சிவப்பு நாடாதான் மகளுக்கு எல்லை. அதைத் தாண்டக் கூடாது. கருவி எதையும் தொடக் கூடாது. விரல் ஈரம் பட்ட எஃகு மறுநாளே துருப்பிடிக்கும். வெறும் கண்டிப்பு குழந்தைக்கு எப்படிப் பிடிக்கும்? ஆகவே அவள் ஒரு கதை கட்டியிருந்தாள். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் கூச்சம் மிகுந்த ஓர் எறும்பு குடியிருக்கிறது. யார் வந்தாலும் அது மறுபக்கம் ஓடி ஒளிந்துகொள்ளும். வந்தவர் பொய்யானவர் என்றால் மட்டும் அது ஓடாது. உற்றுப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். நாள் தவறாமல் பள்ளி விட்டு வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல், மகள் நாடாவின் மேல் நின்று கேட்பாள்: "எறும்பு ஓடுச்சாம்மா?"

இப்போது மணி பதினொன்று. மகள் பள்ளியில் இருக்கிறாள். குமிழியோ அவளுடைய அந்த ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தாள். நாடா. அதற்கப்பால் காலியான படிக்கட்டு.

கருவி பழுதா, தரை பழுதா என்று அறிய ஒரு வழி உண்டு: ரசமட்டத்தைத் தலைமாற்றி வைக்க வேண்டும். பழுது கருவியினுடையது என்றால் குமிழியும் கூடவே பக்கம் மாறும். அவள் மாற்றி வைத்தாள். குமிழி மறுபடியும் ஜன்னல் பக்கமே போய் நின்றது. கருவி பொய் சொல்லவில்லை. வாசல் பக்கம் தரை அமுங்கித்தான் இருந்தது.

தரைப் பலகை ஏதோ ஊறி இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்காலியிலிருந்தே குனிந்து, மேசைக்காலில் உயரம் திருத்தும் திருகைக் கால் சுற்றுக் கொடுத்தாள். குமிழி நடுவுக்கு வந்தது. கணக்கு சரி. ஆனால் நெஞ்சு சரியாகவில்லை. எடுத்த பிரஷை வைத்தாள், வைத்ததை எடுத்தாள். மைக்ரோமீட்டரின் துடைத்த திருகையே மூன்று தடவை துடைத்தாள். முதுகில் யாரோ பார்ப்பதுபோல் குறுகுறுத்தது. மெல்லிய விசும்பல்போல் ஒன்று கேட்டது. குழாய்தான் என்று எண்ணினாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், குழாய் எப்போதோ சொட்டுவதை நிறுத்தியிருந்தது.

நாலு மணிக்குக் கீழே கதவு திறந்தது. மாடிப்படி, யார் மிதித்தாலும் முனகும் ஐந்தாம் படி உட்பட, ஒரு முறைகூட முனகவில்லை.

"அம்மா, வந்துட்டேன்."

மகள் வாசலில் நின்றாள். அதே சீருடை, அதே இரட்டைப் பின்னல். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழக்கத்தில் கண் ரசமட்டத்துக்குப் போனது.

குமிழி நடுவிலேயே இருந்தது.

"குட்டி, நாடா மேல வந்து நில்லும்மா."

வந்து நின்றாள். குமிழி அசையவில்லை.

"ஒரு குதி குதி, பாப்போம்."

குதித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. கிண்ணத்துப் பெட்ரோலில் சிறு வளையம்கூட எழவில்லை.

"எறும்பு ஓடுச்சான்னு இன்னிக்குக் கேக்கலையே?"

"எந்த எறும்பு?"

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் தன் எடை இடம் மாறும், கணக்குக் கலையும். இத்தனை வருடத் தொழில் அந்த நேரத்திலும் அவளைப் பிடித்து உட்கார வைத்தது.

"கீழ போயி அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாடா."

பிள்ளை போயிற்று. நாடாவின் மேல் இப்போது யாரும் இல்லை. பதினொரு மணிக்கு இறங்கி, திருகால் அவள் சரிக்கட்டிய பாரம் போய்விட்டது என்றால், குமிழி ஒரு கோடு வாசல் பக்கம் வர வேண்டும்.

வரவில்லை.

நாடாவின் மேல் அந்த எடை இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஐந்து மணி நேரமாக. தாண்டக் கூடாது என்று சொன்ன இடத்தைத் தாண்டாமல்.

யாருமில்லாத வாசலைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"பரவாயில்ல. உள்ள வாடா கண்ணு."

குமிழி நடுங்கியது. வாசல் பக்கம் நகர்ந்தது. கால் கோடு. அரைக் கோடு. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. மேசை வரை. அவள் முழங்கை வரை.

கருங்கல்லின் விளிம்பில் ஈரம் பூத்தது.

ஒரு புள்ளி. இரண்டு. நாலு சிறிய விரல்கள், விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. மூன்றில் ரேகை தெரிந்தது. ஆள்காட்டி விரலில் ரேகை இல்லை. சொரசொரவென்று துணி நெசவின் தடம். காலையில் பென்சில் சீவும்போது வெட்டிக்கொண்ட விரல். அவளே பிளாஸ்திரி ஒட்டி, முத்தம் கொடுத்து அனுப்பிய விரல்.

மேசைக்காலின் திருகு நினைவுக்கு வந்தது. மகளின் எடையையே கணக்கிலிருந்து அழித்த அந்தக் கால் சுற்று.

"தண்ணி, அம்மா."

வாசலில் அது டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி நின்றது. பத்து விரல்களும் தெரிந்தன. ஒன்றிலும் காயம் இல்லை.

கல்லின் மேலிருந்த ஈர விரல்கள் அவள் மணிக்கட்டுக்குத் தாவின. சில்லென்று. நடுங்கிக்கொண்டு.

அது சிரித்தது. சிவப்பு நாடாவைத் தாண்டிக் கால் வைத்தது. இன்னும் ஓர் அடி. இன்னும் ஒன்று.

குமிழி ஓடவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.