ஒத்துக்கொண்ட கல்

முதல் கல்லைச் சிகப்பி மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது அவளை அழ வைக்கவில்லை.

வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து வாங்குவது பழைய வழக்கம். முன்பெல்லாம் கனவைக் கவனிப்பார்கள். இப்போது கல்லோடு ஒரு வலியுணரியும் வருகிறது. சுரங்கத்தில் தோண்டுபவரின் மணிக்கட்டில் இருக்கும் பதிவுப்பட்டை, கல் கிடைத்த நாளை அப்படியே பிடித்து வைக்கிறது. வாங்குபவர் வலியுணரியில் கை வைத்தால் தோண்டிய கையின் ஒரு நிமிடம் இவர் கைக்கு வந்துவிடும்.

தோண்டுபவர் படும் வலி தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நம்பித்தான் இந்தச் சட்டம் போட்டார்கள். ஓராண்டு வியாபாரம் படுத்தது. பிறகு ஜனங்கள் அழுதுகொண்டே வாங்கப் பழகினார்கள். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகும். வலி கூடின கல்லுக்கு விலையும் கூடியது.

"லேப்ல செஞ்ச கல்லே போதும் ஆத்தா," என்றாள் மகள் உமையாள். அவள் கல்யாணத் தோட்டுக்குத்தான் கல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அதுல கை வச்சா ஒன்னுமே தெரியலயேடி. கண்ணாடி மாதிரி கெடக்கு."

"தெரியாட்டி நல்லதுதானே? நீ என்ன அழுகாச்சிப் படமா பாக்கப் போறே?"

ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் வைரம் வாங்குகிறவள் கெட்டவள் என்று சிகப்பிக்குள் எப்படியோ பதிந்திருந்தது. முதல் கல்லில் அசதியும் பசியும் மட்டுமே இருந்தன. வளையல் உரசும் ஒரு கை. அதில் சுண்டுவிரல் மடங்காது. "மனசைத் தொடலை," என்று கடைக்காரர் சாத்தப்பனிடம் சொன்னாள். அவர் அதைச் சீட்டில் எழுதி, கல்லைச் சுரங்கத்துக்கே அனுப்பினார்.

இருபது நாளில் வேறு கல் வந்தது.

கை வைத்தாள். வளையல் உரசியது. சுண்டுவிரல் மடங்கவில்லை. பக்கத்து விரலில் நகம் இல்லை. யாரோ அந்த விரலைப் பிடித்து ஈரச் சரளையில் அழுத்தினார்கள். கை பின்னால் இழுத்தது. மறுபடி அழுத்தினார்கள். தோண்டும்போது வருகிற வலி அல்ல அது. பதிவுக்கென்றே கொடுத்த வலி.

சிகப்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது நெஞ்சும் லேசானது. அதுதான் அவளைக் கூசச் செய்தது.

சாத்தப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார். "எப்படி ஆச்சி, இந்தக் கல்லு?"

வேண்டாம் என்றால் வலி போதவில்லை என்றுதான் அர்த்தம். வேறு காரணம் எழுத அந்தச் சீட்டில் இடமில்லை.

"ஒத்துக்கிருச்சுண்ணே," என்றாள் அவசரமாக. "ரொம்ப நல்லா ஒத்துக்கிருச்சு. இதுவே போதும்."

"அப்பாடா! அப்ப அதே கையிலயே இன்னொன்னுக்குச் சொல்லிவிட்டுர்றேன். தோடுன்னா ஜோடி வேணும்ல ஆச்சி?"